உலை வாசலில் தேன்மொழியம்மை

பரிவட்டம் என்ற சொல் மட்டும் குஞ்சிதபாதத்தின் வாயிலிருந்து வராமல் இருந்திருந்தால், வண்டார்குழலி அன்றைக்கு ஒழுங்காகத்தான் வேலை பார்த்திருப்பாள். ‘அசல்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, ஊர் போய்ச் சேர் தாயே என்று அம்மனை அனுப்பி வைத்திருப்பாள். அந்த மனுஷன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தால்தானே!

இடம் பினாங்கு. வருஷம் 2058. பன்னாட்டுச் சிலை நடுவர் மன்றத்தின் சோதனைக்கூடத்தில், வெள்ளைத் துணி விரித்த மேசைமேல், கொன்றைநல்லூர் தேன்மொழியம்மை இரண்டரையடி உயரத்தில் நின்றுகொண்டிருந்தாள். இருபத்தேழு வருஷத்துக்கு முன் கோயிலிலிருந்து காணாமல் போன பஞ்சலோகச் சிலை. எதிரே ஊரின் சார்பாக வந்திருந்த குஞ்சிதபாதம், கோயில் கமிட்டித் தலைவர், அறுபதை ஒட்டிய வயது. மடியில் ஒரு துணிப்பை. அதற்குள் அம்மனுக்குச் சாத்தப் பச்சைப் பட்டுப்பாவாடை.

“ஏம்மா, இது எங்க ஆத்தாதானேம்மா? பாத்தாலே தெரியுதே. இதுக்குப் போயி மெசினெல்லாம் எதுக்கு?”

“பார்த்தா எல்லாமே அப்படித்தாங்க தெரியும்,” என்றாள் குழலி, கருவியை நெருக்கி வைத்தபடி. “இரட்டை வார்ப்புன்னு ஒரு மெஷின் வந்திருக்கு இல்லையா? ஒரு சிலையை உள்ளே வெச்சா நூலிழை பிசகாம இன்னொண்ணு வெளிய வரும். கீறல், களிம்பு, தேஞ்ச மூக்கு, எல்லாம் அப்படியே. எத்தனையோ ஊருக்குப் போலியைத் திருப்பிக் கொடுத்துட்டு அசலைப் பெட்டிக்குள்ள பூட்டிக்கிட்டாங்க. அதுக்கப்புறம்தான் எல்லா நாடும் சேர்ந்து இந்த உடன்படிக்கையைப் போட்டாங்க.”

“அப்ப நீங்க எப்படித்தான் கண்டுபுடிப்பீங்க?”

“கையை வெச்சு. ஒரு சிலையைத் தொட்ட ஒவ்வொரு கையும் அதுல கொஞ்சம் உப்பை விட்டுட்டுப் போகும். வருஷா வருஷம் அது படலம் படலமாப் படியும். வெளித்தோற்றத்தை வார்க்கிற மெஷினுக்கு இந்த வரிசை வராது, எல்லாத்தையும் குழப்பிடும். நான் வரிசையை வாசிப்பேன். அசலா இருந்தா உங்ககிட்ட வரும்.”

“போலியா இருந்தா?”

“மூணாம் நாள் உலையில போட்டு உருக்கிடுவாங்க. விட்டா மறுபடி சந்தைக்கு வந்துடும்.”

குஞ்சிதபாதம் கன்னத்தில் போட்டுக்கொண்டார். “அப்படியெல்லாம் ஆகாதும்மா. எங்க ஆத்தா மேல குருக்களுங்க கையைத் தவிர வேற கை படாது. ஊர்ப் பெரியதனக்காரரே ஆனாலும் வாசப்படிக்கு வெளியதான். காவக்காரன் பாடு சொல்லவே வேணாம், அவன் அர்த்தமண்டபத்தைக்கூட மிதிக்கப்படாது.”

“காவக்காரர் யாரு?” என்று குழலி கேட்டாள். கண் கருவியில் இருந்தது.

“வைரக்கண்ணுன்னு ஒருத்தன். மெய்க்காவல். அவன் கூட்டு இல்லாம செலை வெளிய போயிருக்குமா? போலீசு மூணு மாசம் வெச்சு விசாரிச்சும் ஒண்ணும் பேரலை. நாங்க விட்டமா? கொடிமரத்துல கட்டி வெச்சுக் கேட்டோம். ‘ஒருத்தன் தள்ளி விட்டுட்டு ஓடினான்’னு அதையே சொல்லிக்கிட்டு இருந்தான். சரியான கல்லுளிமங்கன்.” ஏதோ ஊர்த் திருவிழாவில் பந்தல் போட்ட கதையைச் சொல்வதுபோல் சொன்னார். “அந்தப் பேச்சு இப்ப எதுக்கு? இந்த உலகநாதன் ஐயா இருக்காரே, தங்கமான மனுசன். யாருகிட்டயோ நல்ல வெலை குடுத்து வாங்கின செலையைச் சும்மா தூக்கிக் குடுக்கறார்னா எப்பேர்ப்பட்ட மனசு! கும்பாபிசேகத்தன்னைக்கு அவருக்குத்தான் மொத மரியாதை. அதே கொடிமரத்தடியில வெச்சுப் பரிவட்டம் கட்டறதாக் கூட்டத்துல தீர்மானமே போட்டாச்சு.”

குழலியின் காதுக்குள் யாரோ ஆணி அடித்தது போலிருந்தது. வைரக்கண்ணுவின் ஒரே மகள் அவள்.

அவளுக்கு அப்போது ஒன்பது வயது. அப்பா ஸ்டேஷனிலிருந்து இடுப்பு ஒடிந்து திரும்பி வந்தார், அல்லது ஒடிந்த இடுப்போடுதான் போயிருந்தார்; எது என்று யார் விசாரித்தார்கள்? அதன்பின் ஏழு வருஷம் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். கடையில் உப்புக்கூடக் கொடுக்க மாட்டார்கள். பள்ளிக்கூடத்தில் அவள் பெயர் வண்டார்குழலி இல்லை, ‘செலத் திருடன் மவ’. அப்பா செத்த அன்று பாடை தூக்க நாலு தோள் வேண்டும் என்று அம்மா வீடு வீடாகப் போய் நின்றாள். ஒரு கதவும் திறக்கவில்லை. வெளியூரிலிருந்து நாலு பேரைக் கூட்டிவந்து தூக்கிப் போட்ட கையோடு அம்மாவும் மகளும் திருச்சிக்குப் போய்விட்டார்கள். அவளுடைய சான்றிதழ்களில் எல்லாம் ஊர் திருச்சி. தகப்பன் பெயர் இருக்கும் இடத்தில் ‘வை.’ என்று ஒற்றை எழுத்து.

சொந்த ஊர்ச் சிலை வந்தால் சோதனையாளர் விலகிக்கொள்ள வேண்டும் என்று விதி இருக்கிறது. முறை வைத்துப் பெட்டி அவள் மேசைக்கு வந்தபோது அவள் வாயைத் திறக்கவில்லை. யார் கை அது என்று தன் கண்ணால் பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான் அப்போதைய எண்ணம். சத்தியமாக அவ்வளவுதான்.

குஞ்சிதபாதத்தைக் காப்பி சாப்பிட அனுப்பிவிட்டு வாசிக்க உட்கார்ந்தாள்.

தொள்ளாயிரம் வருஷத்துக் கைகள். எல்லாம் ஒரே குடும்பத்துக் கைகள் என்பது உப்பின் தன்மையிலேயே தெரிந்தது. தகப்பன், மகன், பேரன் என்று ஒருவர்பின் ஒருவராக அபிஷேகம் செய்து, துடைத்து, பொட்டு வைத்திருந்தார்கள். 2031-ஆம் வருஷத்துப் படலம் வந்தது. அங்கே குருக்கள் கை நின்றுபோய் ஒரு புதுக் கை ஏறியது. வலது கை அம்மனின் இடுப்பைச் சுற்றி, இடது கை பீடத்துக்கு அடியில், அவசரமாகத் தூக்கிய பிடி. வைரக்கண்ணுவின் கை இல்லை. எங்கே இருக்கும்? அந்த மனுஷன் சாகும்வரை அம்மனைத் தொட்டதே கிடையாது.

உலகநாதன் சிலையை ஒப்படைத்தபோது மன்றத்தில் வைத்த கைரேகைத் தகட்டை எடுத்து ஒப்பிட்டாள். அதே கை.

ஹாங்காங்கில் செத்துப்போன ஒரு வியாபாரியிடம் நல்லெண்ணத்தில் வாங்கினேன் என்று அந்தக் கிழவர் பத்திரம் எழுதிக் கொடுத்திருந்தார். வியாபாரி எங்கே? குருக்களுக்கும் இவருக்கும் நடுவில் ஒரு கைகூட இல்லையே! கோயிலுக்குள் நுழைந்து தூக்கியவரே இவர்தான்.

ஆனால் அதற்கு மேலே இருந்ததைப் பார்த்துத்தான் குழலி கொஞ்ச நேரம் கருவியை விட்டு விலகி உட்கார்ந்தாள். நல்லெண்ணெய். பால். மஞ்சள். சந்தனம். ஒரு நாள் தவறாமல் இருபத்தேழு வருஷம், அதே ஒரு கை. நெற்றியில் கட்டைவிரலை அழுத்திக் குங்குமம் வைத்து வைத்து அந்த இடமே சற்றுக் குழிந்திருந்தது. சிலை விற்கிறவன் எவனும் பழைய பஞ்சலோகத்தின்மேல் பால் ஊற்ற மாட்டான். களிம்பு போனால் மதிப்பே போச்சு. இந்த ஆள், சிலை இருந்ததாகப் பத்திரத்தில் எழுதியிருந்த ஜெனீவாவின் குளிரூட்டிய கிட்டங்கிக்குள் உட்கார்ந்துகொண்டு அபிஷேகம் செய்திருக்கிறார். தான் திருடிய அம்மனையே கும்பிட்டிருக்கிறார்.

பதிவாளர் புனிதமலர் அறைக்கு எழுந்து போனாள். பினாங்கிலேயே பிறந்து வளர்ந்தவர், பேச்சில் மலாய் ‘லா’ ஒட்டிக்கொள்ளும், சட்டத்தைக் கரைத்துக் குடித்தவர்.

“வாசிப்புல ஒரு திருட்டுக் கை தெரிஞ்சா நாம என்ன செய்யலாம் மேடம்?”

“ஒண்ணும் செய்ய முடியாதுலா,” என்றார் புனிதமலர், கோப்பிலிருந்து தலையைத் தூக்காமல். “தானா ஒப்படைக்கிறவங்களை விசாரிக்கக் கூடாதுன்னு உடன்படிக்கை சொல்லுது. வாசிப்பு எல்லாம் அசலா போலியான்னு பாக்க மட்டும்தான், மத்தது சீல். அப்படி ஒரு சலுகை இல்லாட்டி ஒருத்தனும் சிலையை வெளிய எடுக்க மாட்டான் குழலி. சிலை வேணுமா, திருடன் வேணுமான்னு கேட்டாங்க. நாடுங்க எல்லாம் சிலைன்னு சொல்லிட்டாங்க.”

“திருடனே வாயால ஒத்துக்கிட்டா?”

“அவனே சத்தியம் பண்ணிச் சொன்னா சலுகை போச்சு. ஒன்பது வருஷம் உள்ள. ஆனா எவன் சொல்லுவான்?”

எவன் சொல்லுவான்! குழலி திரும்பி வந்து மேசைமுன் நின்றாள். போலி என்று சான்றிதழ் வந்தால் மேல்முறையீடு கிடையாது. முன்பு இழுத்தடிக்க விட்டதில் போலிகளே காணாமல் போயிருந்தன. மூன்று நாளைக்குள், மூலச் சிலையை அதன் இடத்திலிருந்து தானே எடுத்தவரோ எடுக்கும்போது கூட இருந்தவரோ சத்தியம் செய்து ஆட்சேபித்தால் மட்டும் மறுவாசிப்பு. குருக்கள் குடும்பத்தில் கடைசி ஆளும் போய்விட்டார். எஞ்சியிருப்பது உலகத்திலேயே ஒரே ஒரு ஆள்.

பிடித்துக்கொண்டாள் குழலி. உன் பரிவட்டத்தை நீயே அவிழ்த்துப் போடு கிழவா. இல்லையா, உன் அம்மன் உன் கண்ணெதிரே உருகட்டும். உனக்கொரு நஷ்டமும் இல்லை, நீ பாட்டுக்கு விமானம் ஏறிப் போகலாம். போவாயா பார்ப்போம்.

ஊர் என்ன ஆகும் என்று ஒரு கணம் தோன்றியது. நாலு தோள் கொடுக்காத ஊருக்கு அம்மன் ஒரு கேடா?

படிவத்தில் ‘போலி’ என்று எழுதினாள். கையெழுத்தும் போட்டாள்.

மறுநாள் காலை மன்றத்தில் அதை வாசித்ததும் குஞ்சிதபாதம் துணிப்பையை அணைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். உலகநாதன் உட்காரவில்லை. எழுபத்தொரு வயசு, ஒல்லியான உடம்பு, கும்பகோணத்தில் பிறந்து லண்டனில் கடை வைத்துப் பெரிய ஆளாகி, பிறகு ஜெனீவாவுக்குக் குடிபோனவர். அவர் நேராகக் குழலியின் மேசைக்கு வந்தார்.

“அம்மா, தப்பு நடந்திருக்கு. அது அசல். எனக்குத் தெரியும்.”

“எப்படித் தெரியும் சார்? நீங்க வாங்கினதுதானே? உங்களுக்கு வித்தவர் போலியைத் தலையில கட்டியிருப்பார்.”

“இல்லைம்மா, அப்படி இருக்க வாய்ப்பே இல்லை.”

“ஏன் இல்லை?”

கிழவர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். “நான் தினம் பூஜை பண்ணினவன். எனக்கு உடம்பு முடியலை. எனக்கப்புறம் அவளுக்கு விளக்கேத்த ஆள் இல்லையேன்னுதான் கொண்டாந்து ஒப்படைச்சேன். தயவு பண்ணி இன்னொரு தரம் வாசிச்சுப் பாருங்க,” என்றார்.

“பூஜை பண்ணினதெல்லாம் சாட்சி ஆகாது சார். மூலத்தை இடத்திலேருந்து எடுத்தவங்க யாராவது இருந்தா வந்து சத்தியம் பண்ணச் சொல்லுங்க.” குழலி கோப்பை மூடினாள். அவளுக்கு உள்ளுக்குள் சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்ட மாதிரி இருந்தது. இதை மறைத்துப் பயனில்லை, அப்படித்தான் இருந்தது.

இரண்டு நாள் உலகநாதன் ஓடாத ஓட்டமில்லை. வக்கீல் வைத்துப் பூஜைக்குச் சாட்சி கொடுத்தார், தள்ளுபடி. வேறு சோதனையாளர் வேண்டும் என்று மனுப் போட்டார், அதுவும் தள்ளுபடி. குஞ்சிதபாதமோ அழுதுகொண்டே பதிவாளரிடம், “போலியா இருந்தாலும் பரவால்லைங்க, அதையே குடுங்க, நாங்க வெச்சுக் கும்புட்டுக்கறோம்,” என்று கெஞ்சினார். சட்டத்தில் அதற்கு இடமில்லை.

மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு உலை.

பட்டர்வொர்த் பக்கம் பழைய வெள்ளீய உருக்காலை ஒன்றை மன்றம் குத்தகைக்கு எடுத்திருந்தது. மேலே சங்கிலியில் தொங்கும் கூடை, கீழே உலை வாய். சோதனையாளர் தன் கையாலேயே விசையை அழுத்த வேண்டும் என்பது விதி. உன் எழுத்துக்கு நீயே பொறுப்பு என்று அர்த்தம். கூடைக்குள் தேன்மொழியம்மை நின்றாள். பட்டுப்பாவாடையைச் சாத்தட்டுமா என்று குஞ்சிதபாதம் கேட்டதற்குத் துணி கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

புனிதமலர் சட்டப்படி கேட்டார். “ஆட்சேபம் உள்ளவர் யாராவது இருக்காங்களா?”

உலகநாதன் சுவரோரமாக நின்றார். வக்கீல் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

குழலி விசையை அழுத்தினாள். சங்கிலி கடகடவென்று அசைந்து கூடை உலையை நோக்கி நகர்ந்தது. இருபதடி தூரம். வேகம் நிதானம்தான். அவள் அம்மனைப் பார்க்கவில்லை, கிழவரைப் பார்த்தாள். பேசு. பேசுடா. பத்தடி. கிழவர் கண்ணை மூடிக்கொண்டார். சரி, இவ்வளவுதான் உன் பக்தி என்று அவள் நினைத்தாள். விசையிலிருந்து கையை எடுக்கவில்லை.

“நிறுத்துங்க! நான்தான் எடுத்தேன்! நிறுத்துங்க!”

வக்கீல் வாயைப் பொத்தப் போனார். கிழவர் அவரைத் தள்ளிவிட்டு ஓடி வந்தார். புனிதமலர் கை காட்ட, குழலி விசையை விட்டாள், சங்கிலி நின்றது. உலையின் அனலில் அம்மனின் முகம் சிவந்து தெரிந்தது.

“சத்தியம் பண்ணிச் சொல்றீங்களா?” என்றார் புனிதமலர்.

“அவ மேல சத்தியம். 2031, சித்திரை மாசம். உச்சிகாலம் முடிஞ்சு நடை சாத்தின மத்தியானம். குருக்கள் சாவியை மெழுகுல ஒத்தி எடுத்து வெச்சிருந்தேன். பீடத்துல உற்சவத்துக்குக் கழி செருகுற வளையம் நாலு உண்டு. தூக்கறப்ப நிலைப்படியில இடிச்சுப் பின்பக்கத்து இடது வளையம் உடைஞ்சுது. அதை நந்தவனத்துக் கிணத்துல போட்டேன். போய்ப் பாருங்க, இருக்கும்.” மூச்சு வாங்கியது. “சத்தம் கேட்டு மெய்க்காவல்காரர் ஓடி வந்தார். என் வேட்டியைப் பிடிச்சுக்கிட்டார். விடவே மாட்டேன்னுட்டார். நான் தள்ளினேன். மண்டபத்துப் படியிலேருந்து கீழே விழுந்தார்.”

“இடுப்பு ஒடிஞ்ச சத்தம் கேட்டுச்சா?” என்றாள் குழலி.

கிழவர் திரும்பி அவளைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, “கேட்டுச்சும்மா,” என்றார். “அவருக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அதையும் எழுதிக்கோங்க.”

அப்புறம் நடந்ததெல்லாம் மளமளவென்று நடந்தது. கொன்றைநல்லூர்க் கிணற்றில் அன்று மத்தியானமே ஆள் இறங்கிச் சேற்றில் துழாவி அந்த வளையத்தை எடுத்துவிட்டார்கள். அதைப் பினாங்குக்கு வரவழைத்து வைத்துப் பார்த்ததில் உடைந்த வாய் பீடத்தோடு கச்சிதமாகப் பொருந்தியது. வேறொரு சோதனையாளர் மறுவாசிப்புச் செய்து ‘அசல்’ என்று எழுதினார்.

அப்போதுதான் வக்கீல் உயிர் பெற்று எழுந்தார். அசலைப் போலி என்று வேண்டுமென்றே எழுதி, என் கட்சிக்காரரை மிரட்டி வாக்குமூலம் வாங்கியிருக்கிறார்கள். மோசடியில் பெற்ற வாக்குமூலம் செல்லாது. அவரை விட்டுவிட வேண்டும் என்றார். மன்றம் குழலியை விசாரணைக்கு அழைத்தது.

முந்தின நாள் சாயங்காலம் புனிதமலர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார்.

“பதினோரு வருஷமா உங்களைப் பாக்கிறேன் குழலி. வாசிப்புல நீங்க தப்புப் பண்ற ஆள் இல்ல. ஆனா நாளைக்கு நீங்க தப்புப் பண்ண ஆளாத்தான் இருக்கணும். வேணும்னே செஞ்சதுன்னு ஒரு நூல் வெளிய தெரிஞ்சாலும் அந்தாளு வெளிய வந்துடுவாரு. தெரியும்தானே?”

“தெரியும் மேடம்.”

“அந்தக் காவல்காரரு உங்களுக்கு யாரு?”

குழலியின் நாக்கு நுனிவரை வந்தது. இருபத்தேழு வருஷமாகத் தொண்டையில் கிடந்த சொல். “யாருமில்லை மேடம்,” என்றாள்.

“நல்லது. நானும் கேக்கல.”

விசாரணையில் மூன்று நீதிபதிகள். கருவியின் அளவு பிசகியதைக் கவனிக்கவில்லை என்றாள். அவசரம் என்றாள். என் தவறுதான் என்றாள். பத்து நிமிஷத்தில் முடிந்தது. ஆயுளுக்கும் சோதனையாளர் வேலை கிடையாது என்று தீர்ப்பு. உலகநாதனுக்கு ஒன்பது வருஷம். மெய்க்காவல் வைரக்கண்ணு குற்றமற்றவர் என்ற தீர்ப்பைக் கொன்றைநல்லூர்க் கொடிமரத்தடியில் ஊர் கூடி வாசிக்க வேண்டும் என்று ஓர் உத்தரவு. அதைக் கேட்டபோது அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். அழுதால் கேள்வி வரும்.

வெளியே குஞ்சிதபாதம் காத்திருந்தார். இந்தச் சில நாளில் பத்து வயசு கூடிப் போயிருந்தது.

“தெரியாமப் பண்ணிட்டீங்க, போவுது விடுங்கம்மா. ஆத்தா கெடைச்சிட்டா. ஆனா அந்த வைரக்கண்ணுவ நெனைச்சாத்தான்… கவுத்தால இழுத்துக் கட்டினதே இந்தக் கைதாம்மா.” கையை விரித்துக் காட்டினார். “அவருக்கு ஒரு பொண்ணு இருந்துச்சு. கறுப்பா, ஒல்லியா. பேருகூட நெனவில்லை. எங்க இருக்கோ, என்ன கதியோ. தேடிக் கண்டுபுடிச்சு, கும்பாபிசேகத்துல அதுக்குத்தான் பரிவட்டம் கட்டப்போறோம். ஊரே காலுல விழணும்.”

இதற்குத்தானே ஆசைப்பட்டாள்! ஊர் காலில் விழ வேண்டும், அவள் நிமிர்ந்து நிற்க வேண்டும், வைரக்கண்ணு மகள்டா நான் என்று சொல்ல வேண்டும். சொல்லலாம். சொன்ன மறுநாள் வக்கீல் மனுப் போடுவார். மகளே சோதனையாளர் என்றால் தவறு என்பது பொய், பொய் என்றால் வாக்குமூலம் செல்லாது, செல்லாது என்றால் தீர்ப்பும் போச்சு. அப்பா மறுபடி சிலைத் திருடன்.

“தேடுங்க ஐயா,” என்றாள். “கிடைப்பாங்க.”

குஞ்சிதபாதம் கும்பிட்டுவிட்டுப் போனார். திருடன் மகள் என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவள், இனி யாருக்கும் மகள் இல்லை. தலைக்கு மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. இதையா நான் கேட்டேன் என்று அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

நடைவழியின் கோடியில் இரண்டு காவலர்கள் நடுவே உலகநாதன் வந்துகொண்டிருந்தார். மலாய்க் காவலர்கள், தமிழ் புரியாது. கிழவர் ஏதோ கேட்டுக்கொள்ள, இரண்டு நிமிஷம் என்று விரலைக் காட்டி ஒதுங்கி நின்றார்கள்.

“இடுப்புன்னு நான் சொல்லலை,” என்றார் உலகநாதன். “விழுந்தார்னுதான் சொன்னேன். வைரக்கண்ணு பொண்ணா நீ?”

அவள் காவலர்களைத் திரும்பிப் பார்த்தாள். மறுக்கவில்லை.

“பயப்படாதே. வக்கீல்கிட்ட சொல்லலை. சொல்லவும் மாட்டேன்.”

“ஏன்? சொன்னா நீங்க வெளிய வரலாமே.”

“நான் வந்துடுவேன். வழக்கு மறுபடி மொதல்லேருந்து ஆரம்பிக்கும். அவளைச் சாட்சிப் பொருள்னு இன்னும் பத்து வருஷம் பெட்டிக்குள்ள போட்டுப் பூட்டுவாங்க. விளக்கில்லாம.” தன் கையைப் பார்த்துக்கொண்டார். “உங்கப்பாவுக்கு நான் செஞ்சதுக்கு மன்னிப்புக் கேட்டா நீ கொடுக்க மாட்டே.”

“மாட்டேன்.”

“கேக்கவும் இல்லை. ஒண்ணே ஒண்ணு தெரியணும். அன்னிக்கு நான் வாயைத் திறக்காம இருந்திருந்தா, நீ நிறுத்தியிருப்பியா?”

பொய் சொல்லிச் சொல்லி அலுத்துப் போயிருந்தது குழலிக்கு. உலகத்தில் இந்த ஒரு ஆளிடம்தான் இனி அவள் உண்மை பேச முடியும்.

“மாட்டேன்,” என்றாள். “உருக்கியிருப்பேன்.”

கிழவர் தலையை ஆட்டினார். கோபம் இல்லை. ரொம்ப நாள் சந்தேகம் ஒன்று தீர்ந்த மாதிரி இருந்தது அவர் முகம். காவலர்கள் நெருங்கி வந்தார்கள்.

“அப்ப அவளை நான் ரெண்டு தரம் தூக்கியிருக்கேம்மா,” என்றார். “ஒரு தரம் உங்க ஊர்லேருந்து. ஒரு தரம் உன்கிட்டேருந்து.”